முட்டைக்கோஸ் இலை மட்டும் தின்னும் புழு ஏன் பருப்பதில்லை?

கேள்வி: நாட்டுக்கோழித் தீவனத்துக்காகக் கருப்பு சிப்பாய் ஈயின் புழுக்களை வளர்க்கிறேன். ஒட்டன்சத்திரம் சந்தையில் கழித்துப்போடும் முட்டைக்கோஸ் இலைகளே அவற்றுக்குத் தீனி. மூன்று வாரமாகியும் புழுக்கள் பருக்கவில்லை. தொட்டியில் நீர் தேங்கி நாறுகிறது. ஈக்கள் இடும் முட்டையும் குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் புழுக்கள் வயிறு நிறையத் தின்றும் பட்டினி கிடக்கின்றன. முட்டைக்கோஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஒரு புழுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் ஈரத்தீனி, அதாவது பத்தாயிரம் புழுக்களுக்கு ஒரு கிலோ, என்பது வழக்கமான கணக்கு. அதை வெறும் இலையாகக் கொடுத்தால் புழுவுக்குச் சேரும் உலர்சத்து (தண்ணீர் நீங்கலான பங்கு) 8 மில்லிகிராம் அளவே.

பத்து கிலோ நறுக்கிய இலையுடன் மூன்று கிலோ அரிசித் தவிடும் அரை கிலோ கடலைப் புண்ணாக்கும் கலந்தால், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு இறங்கும். அதே 100 மில்லிகிராமில் உலர்சத்து 30 மில்லிகிராமை நெருங்கும். அந்த உலர்சத்தில் புரதம் 17 சதவீத அளவில் இருக்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வடியாததே சரியான பதம். புண்ணாக்கைத் தாராளமாகக் கூட்டிவிட வேண்டாம். மிஞ்சிய புரதம் அம்மோனியாவாகி, இப்போதுள்ளதைவிட மோசமாக நாறும். மாவுச்சத்து மிகுந்த தீனியில் வளரும் புழு அதைக் கொழுப்பாக மாற்றிக்கொள்ளும் என்பதால், தவிட்டையும் சோற்றுக்கழிவையும் மட்டுமே நம்பினால் பருத்த புழு கிடைக்கும், புரதம் மிகுந்த புழு கிடைக்காது.

முட்டை குறைந்ததற்கும் காரணம் இதுவே. வளர்ந்த ஈ பெரும்பாலும் இரை தேடுவதில்லை. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பையும் புரதத்தையும் செலவழித்தே முட்டையிடுகிறது. ஆகவே முட்டைக்கென விடும் புழுக்களுக்கு நல்ல கலவையைக் கொடுங்கள், சிறுத்தவற்றைக் கோழிக்குப் போட்டுவிடுங்கள். ஈக்கூண்டில் நாள்தோறும் தண்ணீர் தெளிப்பதும் அவசியம்.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப்புழுக்களை நேரே இலைத்தொட்டியில் விடாமல், ஈரப்படுத்திய தவிடு அல்லது கோழிக்குஞ்சுத் தீவனத்தில் ஐந்து நாள் வளர்த்த பிறகே மாற்றுங்கள். சாயக்கழிவு, தொழிற்சாலைச் சேறு போன்றவை படிந்த எதையும் தீனியாக்க வேண்டாம்; அவற்றில் இருக்கக்கூடிய காட்மியம் என்ற நச்சு உலோகம் இப்புழுவின் உடலில் தங்கி, கோழிக்கும் சென்று சேரும்.