விமானப் பயணத்துக்குப் பெட்டியை எப்படிக் கச்சிதமாக அடுக்குவது?

பெட்டியில் இடம் இருந்தும் எடை கூடிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். துணியைச் சுருட்டி வைத்தால் இடம்தான் மிச்சமாகும், எடை ஒரு கிராம்கூடக் குறையாது. எடையை ஏற்றுவது பெரும்பாலும் ஷூவும் ஜீன்ஸும்தான். கனமான ஜோடியைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு ஜோடிக்குள் சாக்ஸ், சார்ஜர் ஒயரைத் திணித்து, சக்கரம் இருக்கும் பக்கமாக வையுங்கள். பெட்டியை நிமிர்த்தும்போது கனம் அடியிலேயே நிற்கும், சட்டைகள் நசுங்காது.

பவர் பேங்க் கட்டாயம் கைப்பையில்தான். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால், கேபினில் என்றால் உடனே கவனித்து அணைக்கலாம். சரக்கு அறையில் அது முடியாது. பவர் பேங்கின் கொள்ளளவு 100 வாட்-அவர் வரை, அதாவது சுமார் 27,000 எம்ஏஎச் வரை, பொதுவாகத் தனி அனுமதி தேவைப்படாது. தினமும் சாப்பிடும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும், தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம். கைப்பையில் வைக்கும் ஷாம்பு போன்றவற்றுக்குப் பல விமான நிலையங்களில் 100 மில்லிதான் வரம்பு. பார்ப்பது பாட்டிலின் அளவை; 200 மில்லி பாட்டில் பாதி காலியாக இருந்தாலும் விட மாட்டார்கள்.

அப்புறம், வீட்டிலேயே எடை பார்த்துவிடுங்கள். முதலில் நீங்கள் மட்டும் எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம்தான் பெட்டியின் எடை.