பல் உரசிய புண்ணுக்கு இரண்டு வாரம்தான் கெடு

கேள்வி: எனக்கு வயது 47. உடைந்த கீழ்க் கடைவாய்ப் பல் நாக்கின் வலது ஓரத்தில் உரசி, ஐந்து வாரமாகப் புண். பி காம்ப்ளக்ஸ் மாத்திரை, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஜெல் எதற்கும் ஆறவில்லை. நாக்கின் பின்பகுதியில் மேடு மேடாகவும் தெரிகிறது. புகையிலைப் பழக்கம் இல்லை, சாப்பிட்டதும் பாக்கு மட்டும் போடுவேன். கூகுளில் தேடியதிலிருந்து தூக்கம் போய்விட்டது. புற்றுநோயாக இருக்குமா?

பதில்: முதலில் டார்ச்சை அணைத்து வையுங்கள். நாக்கின் பின்னால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும் மேடுகள் பிறந்ததிலிருந்தே இருப்பவை, சுவை மொட்டுகள் உள்ள இடம். நீங்கள் இப்போதுதான் பார்த்திருக்கிறீர்கள்.

புண் விஷயம் அப்படியல்ல. செருப்புக்குள் கல்லை வைத்துக்கொண்டு காலுக்கு மருந்து போட்டால் ஆறுமா? ஜெல் வலியை மரக்கச் செய்கிறது, அவ்வளவுதான். அந்த நிம்மதியில்தான் ஐந்து வாரம் ஓடிவிட்டது.

இந்த வாரமே பல் மருத்துவரிடம் போங்கள். உடைந்த முனையைத் தேய்த்து மழுக்குவது சில நிமிட வேலை. அன்றைய தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். உரசலால் வந்த புண் என்றால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும், அல்லது நன்றாகச் சுருங்கியிருக்கும். இல்லையென்றால் பயாப்ஸி, அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது. மறுபேச்சே கிடையாது. 'பல்லைத்தான் பிடுங்கியாயிற்றே, மெதுவாக ஆறும்' என்று மூன்று மாதம் கழித்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கையைக் கழுவிவிட்டு அந்த இடத்தை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஓரம் தடித்து, உள்ளே பொத்தானை வைத்துத் தைத்ததுபோல் கெட்டியாக இருந்தாலோ, கழுத்தில் நெறி கட்டியிருந்தாலோ இரண்டு வாரமெல்லாம் வேண்டாம், உடனே போங்கள். வலி இல்லை என்பது நல்ல சேதியல்ல. ஆரம்பக் கட்டப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.

பயாப்ஸியில் கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பேச்சைக் காதிலேயே வாங்காதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துணுக்குச் சதை எடுப்பார்கள்.

பல் உரசல் மட்டுமே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் 'பாக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. இன்றோடு நிறுத்துங்கள்.

அப்புறம், போகும்போது அந்த ஜெல் டியூபையும் எடுத்துப் போங்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், மருத்துவருக்கு அது தெரிய வேண்டும்.