ஊர் விட்டு ஊர் வந்தவர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பீகார் குடும்பம் வாடகைக்கு வந்து இருபது நாள் ஆகிறது. கணவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை. அந்தப் பெண்ணுக்கு ஆறாம் மாதம். ஏழு வயதில் ஒரு பையன், நாளெல்லாம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறான். ரேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதைக் கேட்டாலும் "உங்க ஊர் கார்டு இங்க செல்லாது" என்று யாராவது சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நான் என்ன செய்யலாம்?
வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: முதலில் ஆஸ்பத்திரி, மற்றது எல்லாம் அப்புறம். நாளைக்கே அந்தப் பெண்ணை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே கூட்டிப்போங்கள். விலாசம் எழுதிக்கொடுத்து அனுப்பினால் கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவாள், இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே கிராம சுகாதார செவிலியர், நம் ஊரில் நர்ஸம்மா என்போமே, அவரிடம் சொல்லி கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். பிள்ளை பிறந்தபின் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது இந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். எந்த மாநிலத்துக்காரர் என்றாலும் இங்கே பிறக்கிற பிள்ளைக்கு இங்கேதான் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும், 21 நாளுக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி எல்லாம் இலவசம். போகும்போது ஆதார், பாஸ்புக், ஊரில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போன வருஷம் நான் கூட்டிப்போன ஒரு பெண் ரிப்போர்ட்டே இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பார்த்தால் புடவை மடிப்புகளுக்கு நடுவில் நான்காக மடித்து வைத்திருக்கிறாள். அதை ஏன் கேட்கிறோம் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆதாரோடு சேர்ந்த போன் நம்பர் அவள் கணவரிடம் இருக்கும், ஓடிபி வரும், அதனால் அவர் ஷிஃப்ட் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

பையனுக்கு வருவோம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை டிசி இல்லை, வயதுச் சான்று இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் திருப்பி அனுப்பக்கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் உட்கார வைக்க வேண்டும், காகிதம் பிறகு வரலாம். அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் காலையில் சாப்பாடு, மதியம் சத்துணவு இரண்டும் உண்டு. மொழி தெரியாதே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். எங்கள் தெருப் பள்ளியில் சேர்ந்த ஒரு ஒடிசாப் பையன் முதல் வாரம் முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான், இரண்டாவது மாதம் "டீச்சர், இவன் என் பென்சிலை எடுத்துட்டான்" என்று தமிழில் புகார் சொன்னான். ஆனால் அந்த முதல் வாரம் அவனுக்குக் கஷ்டமான வாரம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோ அவனோடு சேர்ந்து நடந்து போகட்டும்.

ரேஷன் கார்டு செல்லாது என்று சொன்னவருக்கு விஷயம் தெரியவில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. கார்டில் ஆதார் சேர்த்திருந்தால், கார்டு எண்ணைச் சொல்லி கைரேகை வைத்து, தலைக்கு 5 கிலோ மத்திய அரசு தானியத்தை இலவசமாக வாங்கலாம். இங்கே இருக்கிறவர்கள் பங்கை இங்கே எடுத்துக்கொண்டு, ஊரில் இருக்கிற மாமியார் பங்கை அவர் அங்கேயே வாங்கிக்கொள்ளவும் முடியும். நம் மாநிலம் தருகிற பருப்பு, பாமாயில் மட்டும் அவர்களுக்கு வராது. கடையில் மறுத்தால் 14445-க்கு போன் செய்யுங்கள்.

கடைசியாக அந்தக் கணவரின் வேலை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். சில வருஷம் முன்பு மெஷினில் விரல் நசுங்கிய ஒரு பையனோடு நான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். அவனுடைய ஒரிஜினல் ஆதாரை கான்ட்ராக்டர் வாங்கி வைத்துக்கொண்டு விட்டார், இஎஸ்ஐ எண், அதாவது தொழிலாளர் வைத்தியக் காப்பீட்டு எண், இருக்கிறதா என்பதே அவனுக்குத் தெரியாது. வலியோடு அவன் கேட்டது, "பைசா எவ்வளவு ஆகும்?" என்றுதான். அதனால் சொல்கிறேன், ஒரிஜினல் ஆதாரை யாரிடமும் கொடுத்து வைக்கக்கூடாது, ஜெராக்ஸ் போதும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் இஎஸ்ஐ உண்டு. பிடிப்பது 0.75 சதவீதம்தான், 12,000 சம்பளத்துக்கு 90 ரூபாய். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வீட்டுச் சுவரிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள், மனைவி பிள்ளைக்கும் அதில் வைத்தியம் உண்டு. இஎஸ்ஐ, பிஎஃப் இரண்டுமே இல்லாத தினக்கூலி வேலை என்றால் இ-ஷ்ரம் என்ற அமைப்புசாராத் தொழிலாளர் பதிவைச் செய்துவிடலாம், அதற்கான எண் 14434.

கேள்வி: வேலூர் சைதாப்பேட்டையில் மாடியில் இரண்டு ரூம் கட்டி, சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு விடுகிறோம். இப்போது பங்களாதேஷ் குடும்பம் ஒன்று கேட்கிறது. போலீஸ் தொந்தரவு வருமா?
வாசகர், வேலூர்

பதில்: முறையாகச் செய்தால் வராது. வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை ஆன்லைனில் ஃபார்மில் கொடுக்க வேண்டும் (முன்பு ஃபார்ம் சி, இப்போது ஃபார்ம் III). லாட்ஜ்தான் கொடுக்கணும் என்றில்லை, உங்கள் மாடி ரூமுக்கும் அதே விதிதான். பாஸ்போர்ட்டும் விசாவும் வாங்கிப் பாருங்கள். நோயாளிக்கு மெடிக்கல் விசா, கூட வந்தவருக்கு மெடிக்கல் அட்டெண்டன்ட் விசா இருக்கும். காப்பி எடுத்துக்கொண்டு ஒரிஜினலை அப்போதே கையில் கொடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று "சீக்கிரம் டாக்டரைப் பார்க்க வைக்கிறேன்" என்று பணம் கேட்கிறவர்களிடம் போக வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்புறம், அவர்கள் மீன் சமைக்கட்டும். உடம்புக்கு முடியாத மனுஷருக்கு வீட்டுச் சாப்பாட்டு வாசனை எவ்வளவு பெரிய விஷயம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: அம்மா, எங்கள் அப்பா அம்மா 1984-ல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். நான் 1986-ல் குடியாத்தம் ஆஸ்பத்திரியில் பிறந்தேன், தம்பி 1990-ல். மேல்மொணவூர் முகாமில் இருக்கிறோம், புது வீடு கிடைத்துவிட்டது. ஆனால் நாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று என் மகள் கேட்கிறாள்.
வாசகி, மேல்மொணவூர்

பதில்: மகளே, உன் விஷயமும் தம்பி விஷயமும் ஒன்றல்ல. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன் என்று குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. உன்னைப்போலவே 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. அந்தத் தேதிக்குப் பின் பிறந்த தம்பிக்கு இந்த வழி இல்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு 2025-ல் மத்திய அரசு கொடுத்த விலக்கு, ஆவணம் இல்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்து காப்பாற்றும், குடியுரிமை தராது. இலங்கைக் குடியுரிமைப் பதிவு வேண்டும் என்று தம்பி நினைத்தால் சென்னையில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்கலாம். 1984-லிருந்து முகாம்களில் வேலை செய்கிற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தினர் இந்தக் காகித வேலையில் கூட நிற்பார்கள்.

நீ சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள், போன் எண் 15100. அதற்கு முன் குடியாத்தம் நகராட்சியில் உன் பிறப்புப் பதிவின் நகலை எடுத்துவிடு. அந்தக் காலப் பதிவுகளில் பெயர் இல்லாமல் "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். அப்படி இருந்தால் பெயரை இன்னும் சேர்க்க முடியுமா என்று கேட்டு, அங்கேயே எழுதிக்கொடுத்து, ரசீதைக் கையோடு வாங்கிக்கொண்டு வா.