வாசகர் கேள்வி - பதில்: பெட்டி பெரிதானால் கூரியர் கணக்கு என்ன?

கேள்வி: என் பெட்டியின் எடை 12 கிலோதான். கூரியர் அலுவலகத்தில் 29 கிலோவுக்குப் பணம் கேட்கிறார்கள். தராசு தப்பா, கணக்கு தப்பா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: இரண்டும் சரியாகத்தான் இருக்கும். வண்டியில் பல நேரம் எடைக்கு முன்னால் இடம்தான் தீர்ந்துபோகிறது. அதனால் பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவது கன எடை. உங்கள் பெட்டி 60 × 50 × 48 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1,44,000ஐ 5000ஆல் வகுத்தால் 28.8. அதை 29 ஆக்குவார்கள். நிஜ எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். சில நிறுவனங்கள் 4000ஆல் வகுக்கும். அப்படியானால் இதே பெட்டி 36 கிலோ! விலை விசாரிக்கும்போதே "எத்தனையால் வகுக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

உள்ளே மேல்பக்கம் காலி என்றால் நான்கு மூலைகளையும் கத்தியால் கீறி, பெட்டியின் உயரத்தை 36 சென்டிமீட்டருக்கு மடக்குங்கள். 5000ஆல் வகுத்தால் கன எடை 21.6 கிலோ ஆகிவிடும். திணித்து மூடாதீர்கள். புடைத்த பெட்டியை அதன் புடைப்பில்தான் அளப்பார்கள், அட்டையில் அச்சிட்ட அளவில் அல்ல.

கேள்வி: லண்டனில் இருக்கும் மகளுக்கு வீணை அனுப்ப வேண்டும். எடை 8 கிலோதான் இருக்கும். தபாலில் போகுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் போகாது. காரணம் எடையல்ல, சுற்றளவு. பன்னாட்டு இ.எம்.எஸ். விரைவு அஞ்சலில் பொதுவான வரம்பு இரண்டு: எந்தப் பக்கமும் 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது; நீளமும் சுற்றளவும் சேர்ந்து 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சில நாடுகள் இதைவிடவும் குறைவாக, 1.05 மீட்டரும் 2 மீட்டரும் என்று வைத்திருக்கின்றன. பலர் முதல் வரம்பை மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டி செய்கிறார்கள், அங்கேதான் சறுக்குகிறது.

மிக நீண்ட பக்கம்தான் நீளம். அதற்குக் குறுக்கே, பெட்டி பருத்திருக்கும் இடத்தில் டேப்பை ஒரு சுற்று சுற்றினால் சுற்றளவு. நாலடி வீணைக்குப் பஞ்சு, ஃபோம் வைத்துச் செய்த பெட்டி 140 × 45 × 45 வரும். சுற்றளவு 180, நீளம் 140, ஆக 320. வரம்பைவிட 20 சென்டிமீட்டர் கூடுதல். கன எடையோ 56.7 கிலோ! ஃபோமைக் குறைத்து அளவுக்குள் நுழைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், வீணையின் நுனியில் இருக்கும் யாளி முகம்தான் முதலில் உடையும்.

தனியார் விரைவு நிறுவனங்கள் இதைவிடப் பெரியதை ஏற்கும். உதாரணமாக யு.பி.எஸ். வரம்பு நீளம் 274, நீளமும் சுற்றளவும் சேர்த்து 400 சென்டிமீட்டர், எடை 70 கிலோ. ஆனால் கன எடைக்குத்தான் பணம். நீளமான பெட்டி கன்வேயரில் திரும்பாது, ஆள் கையால் தூக்க வேண்டும் என்பதால் தனிக் கட்டணமும் விழும். விமான சரக்கு முகவரிடமும் விலை கேட்டு ஒப்பிடுங்கள்.

கட்டும் முறை: சுரைக்குடத்தைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். தந்திகளைத் தளர்த்துங்கள், முழுவதும் அவிழ்த்தால் தந்திகளைத் தாங்கும் குதிரை நகரும். பிரடைகளுக்கு (தந்தி முறுக்கும் ஆணிகள்) நடுவே துணி திணியுங்கள். மெட்டுகள் (தந்திக்கு அடியில் இருக்கும் உலோகக் கட்டைகள்) மெழுகில் பதிந்தவை. சித்திரை வெயிலில் மூடிய வண்டியில் மெழுகு இளகி மெட்டு சாயும், ஆகவே மார்கழி, தை மாதங்கள் உத்தமம். மரப்பெட்டி அடிப்பதானால் ப்ளைவுட்டில் அடியுங்கள். முழுமரப் பலகை, ரீப்பர் என்றால் மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 (மரத்தில் பூச்சி பரவாமல் தடுக்கும் பன்னாட்டு விதி) முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் அங்கே இறங்கியதும் பெட்டி சிக்கும். ப்ளைவுட்டுக்கு அந்த விதி இல்லை.

கேள்வி: பழைய பீரோ, கட்டிலை மதுரையிலிருந்து பெங்களூருக்கு அனுப்ப ரயிலா, லாரியா?
- வாசகர், மதுரை

பதில்: லாரி. ரயிலில் ஒரு உருப்படி 100 கிலோவைத் தாண்டினாலோ, 1 மீட்டர் × 1 மீட்டர் × 0.7 மீட்டரைத் தாண்டினாலோ பெருஞ்சரக்கு என்று இரட்டைக் கட்டணம் போடுவார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் 10 சதவீதம் வரை கூடினால், எடை 100 கிலோவுக்குள் இருக்கும்பட்சத்தில் விட்டுவிடுவார்கள். பீரோவுக்கு அந்தச் சலுகை எந்த மூலைக்கு?

லாரி ஆபீசில் ரசீது வாங்கும்போது 'உபயோகித்த வீட்டுச் சாமான்' என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு இ-வே பில் (ஜி.எஸ்.டி. விதிப்படி சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) தேவையில்லை. புதிதாக வாங்கி மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் தேவை. 'குடோன் டெலிவரி'யா, 'டோர் டெலிவரி'யா என்பதையும் ரசீதிலேயே பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வரும் என்று காத்திருந்து, குடோனில் கிடந்த நாட்களுக்குக் காசு கட்டியவர்கள் நிறைய. பீரோவின் லாக்கர் சாவியைக் கதவில் தொங்க விடாதீர்கள். கட்டில் போல்ட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.