கதை சோகம், சரி... தொனியும் சோகமா?

கேள்வி: என் மகள் பி.ஏ. தமிழ் முதலாண்டு. 'கதையின் தொனி என்ன, ஆசிரியரின் நோக்கம் என்ன' என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்குக் கதைச்சுருக்கம் எழுதிவிட்டு வருகிறாள். பாதி மதிப்பெண்கூட வருவதில்லை. வீட்டில் எப்படிப் பழக்குவது?

பதில்: நான் திருத்துகிற விடைத்தாள்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். சுருக்கம் முடிந்ததும் கடைசியில் 'இதன் வாயிலாக ஆசிரியர் வறுமையின் கொடுமையை எடுத்துரைக்கிறார்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை எந்தக் கதைக்கு அடியிலும் ஒட்டலாம், அதனாலேயே அதற்கு மதிப்பெண் விழாது.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள், 1934இல் மணிக்கொடி இதழில் வந்தது, சில பக்கம்தான். மில்லில் வேலை பார்க்கும் அம்மாளு, குதிரைவண்டி விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் கணவன் முருகேசன், அவன் கேட்கிற பால்கஞ்சி, கையில் காசில்லை, அவள்மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த ஒருவனோடு இருட்டுச் சந்துக்குள் போகிறாள். படித்தால் மனசு கனக்கும். ஆனால் அது வாசகருக்கு வருகிற உணர்வு, தொனி இல்லை. தொனி என்பது கதை சொல்கிறவரின் குரல், அந்தக் குரல் இங்கே அழவே இல்லை.

அவள் 'முக்கால் ரூபாய் சம்பாதித்துவிட்டாள்' என்கிறார். அந்தச் 'சம்பாதித்து' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கற்பை இழந்தாள்' என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கதையே வேறாகிவிடும், அவளுக்கு இரங்குகிற மேடைப்பேச்சு மாதிரி. 'சம்பாதித்து' என்பது மில் கூலிக்கும் சொல்கிற சொல், அதையே இதற்கும் சொல்வதில்தான் கசப்பும் எள்ளலும் இருக்கின்றன. மகள் எழுதவேண்டியது இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

அப்புறம் நோக்கம். அதற்குக் குரல் யாரைப் பார்த்துத் திரும்புகிறது என்று கவனிக்க வேண்டும். முடிவில் 'என்னவோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே!' என்கிறார். 'பேசுகிறீர்களே' கூட இல்லை, 'கதைக்கிறீர்களே'. அம்மாளுவையோ முருகேசனையோ திட்டவில்லை, வயிறு நிறைந்த நிலையில் கற்பைப் பற்றிப் பேசுகிற நம்மைத்தான் நிறுத்திக் கேட்கிறார். அவர்கள் குடியிருக்கிற சேரிக்குப் பொன்னகரம் என்று பேர் வைத்ததும் அதே குத்தல்தான். ஆக, நோக்கம் வறுமையைக் காட்டுவது மட்டுமில்லை, அப்படிப் பேசுகிறவர்களைக் கூச வைப்பது.

அதே ஆளின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வந்து ஹோட்டலில் காபி குடிக்கிறார், நம் லீலை என்று பெருமைப்படுகிறார், பிள்ளை அது சிக்கரி கலந்த ஹோட்டல்காரன் லீலை என்கிறார். இங்கும் எள்ளல்தான், ஆனால் கசப்பு இல்லை, சிரிப்பு. இதை 'நாத்திகக் கதை' என்று எழுதினால் அந்தச் சிக்கரியைப் படிக்கவே இல்லை என்று அர்த்தம்.

விடையை 'கசப்பான எள்ளல்' மாதிரி இரண்டு சொல்லில் தொடங்கட்டும், வெறும் 'சோகம்' வேண்டாம். உடனே கதையிலிருந்து ஒரு சொல்லைக் காட்டட்டும், பிறகு நோக்கம். சுருக்கம் மூன்று வரிக்கு மேல் போனால் பேனாவைப் பிடுங்கிவிடுங்கள். எந்தச் சொல்லைக் காட்டுவது என்று தெரியாமல் முழித்தால், கடைசிப் பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். குரல் எங்கே தானாக மாறுகிறதோ, அந்தச் சொல்லைத்தான் அடிக்கோடிட வேண்டும்.