மார்க்கைப் பார்த்ததற்கு 3 வருடமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். டிப்ளமா படிக்கும் என் தம்பிக்கு 20 வயது. பாஸ்வேர்டை யூகித்து, கல்லூரி சர்வரில் நுழைந்து மார்க்கைப் பார்த்திருக்கிறான், எதையும் மாற்றவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66, பாரதிய நியாய சன்ஹிதா 318(4) இரண்டிலும் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். வைரஸ் விட்டு நாசம் செய்பவனுக்கும் இவனுக்கும் ஒரே தண்டனையா?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது சகோதரி. அனுமதியின்றி நுழைவது முதல் வைரஸ் ஏற்றுவது வரை அத்தனையும் 66-இல் ஒரே தட்டில்தான்: 3 வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நஷ்டத்தின் அளவை வைத்துச் சட்டம் தரம் பிரிக்கவில்லை. இது பெரிய குறை. ஆனால் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை. அதோடு, நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கத்தை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். அது நிரூபணமாகாவிட்டால் இந்தச் சட்டத்தில் மிஞ்சுவது 43-ஆம் பிரிவின் நஷ்டஈடு மட்டுமே.

பயப்பட வேண்டியது ஏமாற்றிச் சொத்தைப் பெறும் குற்றத்துக்கான 318(4)-க்குத்தான். 66-இல் ஜாமீன் உரிமை. இதில் அப்படியில்லை, 7 வருடம் வரை போகும். ஏமாற்றப்பட்டவர் யார், ஏமாந்து அவர் ஒப்படைத்த சொத்து எது? இரண்டும் குற்றப்பத்திரிகையில் இல்லையென்றால், வழக்கு ஆவணங்களின் நகல்கள் கைக்கு வந்த 60 நாட்களுக்குள், விசாரணைக்கு முன்பே விடுவிக்கக் கோரும் விடுவிப்பு மனு போடுங்கள். ஒரே செயலுக்கு 66-ஐயும் 318(4)-க்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஐயும் சேர்த்துப் போட முடியாதென்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. சென்னை நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது என்றாலும் வாதத்துக்கு வலு சேர்க்கும்.

கல்லூரியோடு சமரசத்துக்கும் வழியுண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 77ஏ பிரிவில் 66-க்கும், நீதிமன்ற அனுமதியோடு 318(4)-க்கும் முடித்துக்கொள்ளலாம், விடுதலைக்குச் சமம். அதற்காக "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று முதல்வருக்கு மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுத விடாதீர்கள். பேச்சு முறிந்தால் அதுவே ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நிற்கும். லேப்டாப்பை ஃபார்மேட் செய்யவும் கூடாது. சாட்சியத்தை அழித்ததாகத் தனி வழக்கு வரும்.

தண்டனை வரை போனாலும், சிறைக்குப் பதில் நன்னடத்தை உறுதியின்பேரில் விடுவிக்க வழிசெய்யும் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. 21 வயதுக்குக் கீழ் என்றால், சிறைக்கு அனுப்பும் காரணத்தை நீதிபதி எழுதியாக வேண்டும். தீர்ப்பு நாளின் வயதே கணக்கு என்பதால் வாய்தா வாங்கி இழுக்காதீர்கள். 21 தாண்டினாலும் இப்படி விடுவிக்க அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு உண்டு. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வருவார். படிப்புச் சான்றிதழ்களைத் தயாராக வையுங்கள்.