கணவரின் திடீர் அமைதியைக் கவனியுங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 48. ஒரு வருடமாக மனச்சோர்வு. இரண்டு விதமான மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து நாள் போட்டுவிட்டு, சிறுநீரகம் கெடும் என்று ஏதோ காணொளியைப் பார்த்து நிறுத்திவிட்டார். மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு மெய்நிகர் கண்ணாடி (கண்ணில் மாட்டினால் கணினிக் காட்சிக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டும் விஆர் கருவி) சிகிச்சை நல்லதாமே, வாங்கலாமா? கண், மூளை கெடுமா? இப்போது கொஞ்ச நாளாக முகம் தெளிந்திருக்கிறது. தனக்குப் பின் மசேநி (மத்திய சேமநிதி) பணம் யாருக்கு என்ற நியமனத்தை முடித்து, வங்கி ரகசிய எண்ணையும் மகனிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். "இனி உங்களுக்குப் பாரமா இருக்க மாட்டேன்" என்கிறார்.
- வாசகி, செங்காங்

பதில்: உங்களுக்கு உடனே தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

கண்ணாடியை அப்புறம் பார்க்கலாம். என்னைப் பயமுறுத்துவது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள்தான். மாதக்கணக்கில் துவண்டு கிடந்தவர், மருந்தும் இல்லாமல், திடீரென்று அமைதியாகிக் கணக்குவழக்கை ஒப்படைக்கிறார் என்றால் குணமாகிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உயிரை விடுவது என்று உள்ளுக்குள் முடிவெடுத்த சிலருக்கும் இப்படி ஓர் அமைதி வருவதுண்டு.

இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "ஏங்க, செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஒருவர் வாய்விட்டுக் கேட்டதே பலருக்குப் பெரிய ஆறுதல். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலை குனிந்தாலோ, தனியே விடாதீர்கள். மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அதன் உதவி எண் 6389 2222, இரவிலும் எடுப்பார்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்-இன் எண் 1767. உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. போலீஸ் வழக்காகுமோ என்று தயங்க வேண்டாம். 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி குற்றமல்ல. இல்லை என்று சொன்னாலும் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். மிச்சமிருக்கும் மாத்திரைகள் உங்கள் கையில் இருக்கட்டும்.

சரி, கண்ணாடி. கண்ணும் மூளையும் கெடாது. சிலருக்குத் தலைசுற்றல், குமட்டல் வரும். வலிப்பு வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு மாட்ட வேண்டும். உயரத்தைக் கண்டு நடுங்குவது போன்ற பயங்களுக்கு இந்த முறை நன்றாகவே உதவுகிறது. மனச்சோர்வில் இன்னும் சோதனைக் கட்டம்தான். 2016-இல் லண்டனில் 15 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கண்ணாடிக்குள் அழும் குழந்தையை அவர்கள் தேற்ற வேண்டும். பிறகு அந்தக் குழந்தையின் இடத்திலிருந்து தாங்கள் சொன்ன ஆறுதலைத் தாங்களே கேட்க வேண்டும். ஒரு மாதம் கழித்து 9 பேருக்குச் சோர்வு குறைந்திருந்தது. அருமையான யோசனை, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை. விளையாட்டுக்காகக் கடையில் விற்கும் கண்ணாடி இந்தச் சிகிச்சையும் ஆகாது.

அதோடு, உங்கள் கணவருடையது மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு என்று யார் சொன்னது? சரியான அளவில் நாலைந்து வாரமாவது போட்டும் இரண்டு மருந்து தோற்றால்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். பத்து நாள் போதவே போதாது. சிறுநீரகத்துக்குப் பயந்தால் கேட்க வேண்டியது மருத்துவரை, காணொளியை அல்ல. உண்மையிலேயே மருந்து தோற்றாலும் லித்தியம் என்ற மருந்தைக் கூடச் சேர்ப்பது, காந்தத்தால் மூளையைத் தூண்டுவது, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் மின்சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. கடும் மனச்சோர்வுச் சிகிச்சைக்கு மெடிசேவ் (மசேநியின் மருத்துவச் சேமிப்பு) பணத்தையும் பயன்படுத்தலாம்.

போகும்போது பழைய மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துப் போங்கள். எதை எத்தனை நாள் போட்டார் என்று மருத்துவர் அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்வார்.